கூரையை மூட நேரம் இருந்தது: வார்சா தேசிய அரங்கில் 2012 அக்டோபர் 16

2012 அக்டோபர் 16, செவ்வாய்க்கிழமை இரவு. வார்சா தேசிய அரங்கில் போலந்துக்கும் இங்கிலாந்துக்கும் உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டம். ஒன்பது மணிக்குத் தொடங்கியிருக்க வேண்டும். இத்தாலிய நடுவர் ஜான்லூகா ரோக்கி புல்தரையில் இறங்கி நடந்தார். காலடி வைத்த இடமெல்லாம் தண்ணீர் தெறித்தது. பந்தைப் போட்டுப் பார்த்தார், துள்ளவில்லை. உருட்டிப் பார்த்தார், கொஞ்ச தூரம் போய்த் தண்ணீரில் அப்படியே நின்றுவிட்டது. அவர் தலைக்கு மேலே, மைதானத்தின் நட்டநடுவில், கம்பி வடங்களில் ஒரு கூடு தொங்கிக்கொண்டிருந்தது. அரங்கின் திறந்து மூடும் கூரை முழுவதும் அதற்குள் பத்திரமாக மடிந்து கிடந்தது.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்கள். நடுவர் மறுபடியும் வந்து தரையைச் சோதித்தார். மழை விடவில்லை. காத்திருந்து அலுத்துப்போன ரசிகர்கள் இரண்டு பேர் வேலியைத் தாண்டிக் குதித்து, தேங்கிய தண்ணீரில் வயிற்றால் சறுக்கிக்கொண்டு போனார்கள். காவலர்கள் வழுக்கி விழுந்து எழுந்து துரத்தினார்கள். உலகமே பார்த்த காட்சி அது. கடைசியில் ஆட்டத்தை மறுநாள் மாலை ஐந்து மணிக்குத் தள்ளிவைத்தார்கள்.

திறந்து மூடும் கூரை உள்ள, திறந்து ஒன்பது மாதம்கூட ஆகாத, சுமார் 200 கோடி ஸ்லோட்டி செலவில் எழுந்த ஒரு அரங்கில், மழையால் ஆட்டம் நின்றது. கூரை பழுதாகவில்லை. மோட்டார் நிற்கவில்லை, மின்சாரம் போகவில்லை. மூடச் சொல்லி உரிய நேரத்தில் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். நான் பார்த்தவரை, பெரிய கட்டடங்களில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான். அதனால்தான் இந்த ஒரு இரவை நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

இடத்தின் கதை

முதலில் அந்த இடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். போலந்து மக்களுக்கு அது வெறும் கால்பந்து மைதானம் இல்லை.

விஸ்துலா ஆற்றின் வலது கரையில், பிராகா பகுதியில் இருக்கிறது அந்த மேடு. இரண்டாம் உலகப் போரில் தரைமட்டமான வார்சா நகரின் இடிபாடுகளைக் கொண்டுவந்து கொட்டி, கிண்ணம் போலக் கரை எழுப்பி, 1955இல் அங்கே ஒரு அரங்கத்தைக் கட்டினார்கள். பெயர் 'பத்தாண்டு நிறைவு அரங்கம்'. அந்த ஆண்டு ஜூலை 22ஆம் தேதி திறந்தார்கள். இடிந்த வீடுகளின் செங்கல்லும் சுண்ணாம்பும்தான் பார்வையாளர் உட்காரும் படிகளுக்கு அடியில் கிடந்தன. கணக்குப்படி 71,000 பேருக்கு இடம். விழா நாட்களில் ஒரு லட்சம் பேர்வரை நெருக்கி உட்கார்ந்தார்கள்.

1968 செப்டம்பர் 8 அன்று அங்கே அரசு அறுவடை விழா நடத்தியது. செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் வார்சா ஒப்பந்தப் படைகள் புகுந்ததைக் கண்டித்து, ரிஷார்ட் ஷிவியெட்ஸ் என்ற கணக்காளர் அந்தக் கூட்டத்தின் நடுவே தன் உடலில் தீ வைத்துக்கொண்டார். நான்கு நாள் கழித்து மருத்துவமனையில் இறந்துபோனார். பல்லாயிரம் பேர் முன்னால் நடந்த அந்தச் சாவைப் பற்றி அரசு வெளியே மூச்சு விடவில்லை. இன்று அரங்கின் பக்கத்துச் சாலைக்கு அவர் பெயர், நினைவுக்கல்லும் இருக்கிறது.

1983க்குப் பிறகு விளையாட்டு நின்றது, படிகளில் புல் முளைத்தது. 1989இல் கம்யூனிச ஆட்சி விழுந்ததும் அரங்கின் விளிம்பைச் சுற்றி ஒரு பெரிய திறந்தவெளிச் சந்தை வந்தது. 'யார்மார்க் ஐரோப்பா' என்று பெயர். வியட்நாமியர்களும் சோவியத் நாடுகளிலிருந்து வந்தவர்களும் துணி, செருப்பு, குறுந்தகடு எல்லாம் குவித்து விற்றார்கள். வார்சாவில் இன்றும் இருக்கும் வியட்நாமியச் சமூகத்தின் பிழைப்புக்கு அந்தச் சந்தை பெரிய ஆதாரமாக இருந்தது.

இவ்வளவுக்கும் மேலே, 2012 ஐரோப்பியக் கோப்பைக்காக, பழையதை இடித்துவிட்டுப் புது அரங்கத்தைக் கட்டினார்கள். வெளிச்சுவர் சிவப்பும் வெள்ளையுமான உலோக வலை. தூரத்திலிருந்து பார்த்தால் கொடி பறப்பது போல இருக்கும். உள்ளே சுமார் 58,500 இருக்கைகள். 2011 நடுவில் முடிய வேண்டிய வேலை, படிக்கட்டுகளில் குறை கண்டு மறுபடி செய்ய வேண்டி வந்ததால் இழுத்தது. ஜெர்மனியுடன் அந்த செப்டம்பரில் இங்கே நடக்க வேண்டிய ஆட்டம் கிதான்ஸ்க் நகரத்துக்குப் போனது. ஒருவழியாக 2012 ஜனவரி 29 அன்று திறந்தார்கள். அதாவது, போலந்து 'நாங்களும் வந்துவிட்டோம்' என்று உலகத்துக்குக் காட்டிய முகம் அது. அக்டோபர் இரவில் அந்த முகத்தில்தான் தண்ணீர் தேங்கியது. இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் மறுநாள் எழுந்த கோபம் புரியும்.

கூரை எப்படி வேலை செய்கிறது

சைக்கிள் சக்கரத்தைப் படுக்கப் போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே பெரிய இரும்பு வளையம், நடுவில் குடம், இரண்டையும் இணைக்கும் கம்பிகள். கம்பிகள் எல்லாம் முறுக்கேறி உள்ளே இழுக்க, வெளிவளையம் அந்த இழுப்பை வாங்கிக்கொண்டு நிற்கும். வார்சா அரங்கின் கூரை இதே தத்துவம்தான். பார்வையாளர்களுக்கு மேலே உள்ள பகுதி நிரந்தரக் கூரை; கண்ணாடி இழைத் துணி இழுத்துக் கட்டியது. மைதானத்துக்கு நேர் மேலே உள்ள பகுதி மட்டும் திறந்து மூடும். நடுவில் ஒரு உயரமான எஃகுக் கம்பம் அந்தரத்தில் தொங்குகிறது. தரையில் ஊன்றவே இல்லை, வடங்கள்தான் தாங்குகின்றன. போலந்துக்காரர்கள் அதை 'ஊசி' என்பார்கள். ஊசியின் அடியில் உள்ள கூட்டில் பிளாஸ்டிக் பூசிய துணி மடிந்திருக்கும். மூட வேண்டுமென்றால், மோட்டார்கள் அதை நாலாபக்கமும் வடங்களின் வழியே இழுத்து விரிக்கும். கால் மணி, இருபது நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. மழை பெய்யும்போது விரிக்கக் கூடாது, மடிக்கவும் கூடாது. ரொம்பக் குளிராக இருந்தாலும் கூடாது.

ஏன் என்று கல்யாணப் பந்தலில் மழையைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இழுத்துக் கட்டிய பந்தல் துணியில் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். ஓர் இடத்தில் கொஞ்சம் தொய்ந்தால் போதும், அங்கே தண்ணீர் தேங்கும். தேங்கிய கனத்தில் இன்னும் தொய்யும். தொய்ந்ததால் இன்னும் தேங்கும். யாராவது ஒரு நீளக் கழியை எடுத்துவந்து அடியிலிருந்து குத்தித் தூக்கினால்தான் பந்தல் பிழைக்கும். பாதி விரிந்த நிலையில் இருக்கும் அரங்கக் கூரை முழுக்க முழுக்கத் தொய்ந்த துணி. 10,000 சதுர மீட்டர் துணியில் ஒரே ஒரு மில்லிமீட்டர் மழைநீர் தேங்கினாலும் 10,000 லிட்டர், அதாவது 10 டன் எடை. அதைக் குத்தித் தூக்க யாராலும் முடியாது. துணி கிழியும், வடம் அறுந்தாலும் ஆச்சரியம் இல்லை.

இது ஏட்டளவில் இருந்த பயம் இல்லை. வார்சா அரங்கத்தை வடிவமைத்த கட்டடக்கலை நிறுவனமான ஹாம்பர்க்கின் ஃபொன் கெர்கான், மார்க் குழுவும், கூரைப் பொறியியலைப் பார்த்த ஸ்டுட்கார்ட்டின் ஷ்லாய்ஷ் பெர்கர்மன் நிறுவனமும் அதற்கு முன்பே ஃபிராங்க்ஃபர்ட்டில் இதே மாதிரிக் கூரையைக் கட்டியிருந்தன. 2005 ஜூன் 29 அன்று அங்கே கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை இறுதி ஆட்டம், பிரேசிலும் அர்ஜென்டினாவும். கனமழை. கூரை மூடித்தான் இருந்தது. ஆனாலும் ஒரு மூலையில் துணி தாங்காமல் தண்ணீர் அருவி போல மைதானத்தின் ஓரத்தில் கொட்டியது. இறுக்கி மூடிய கூரைக்கே அந்தக் கதி என்றால், பாதி விரிந்ததை மழையில் நகர்த்தக் கூடாது என்ற விதி சரியான விதிதான். அந்த இரவு மூட மறுத்த தொழில்நுட்ப ஆட்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்கள் கேலரியில் இருந்தவர்களின் உயிரைக் காத்தார்கள் என்றே சொல்வேன்.

அப்படியானால் கேள்வி இரவு ஒன்பது மணியைப் பற்றியது இல்லை. காலையையும் பிற்பகலையும் பற்றியது.

யார் சொல்ல வேண்டும்

மழை வரும் என்று முன்னறிவிப்பு இருந்தது. திடீர்ப் புயல் ஒன்றும் இல்லை. அக்டோபர் மாத வார்சாவில் மழை பெய்வது யாருக்கும் புதிதும் இல்லை. நான்கு மாதம் முன்பு, ஜூன் 8 அன்று, ஐரோப்பியக் கோப்பையின் தொடக்க ஆட்டத்தில் போலந்தும் கிரீஸும் இதே அரங்கில் மூடிய கூரையின் கீழ்தான் ஆடின. புழுக்கம் தாங்கவில்லை என்று குறை சொன்னார்கள், ஆனால் ஆட்டம் நடந்தது. ஆக, மூடத் தெரியாது என்றும் சொல்ல முடியாது.

உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றுகளின் விதி என்ன சொல்கிறது? திறந்து மூடும் கூரை உள்ள அரங்கில், திறக்கலாமா மூடலாமா என்பதை ஃபிஃபாவின் ஆட்ட ஆணையர், நடுவரையும் இரு அணி நிர்வாகிகளையும் கலந்துகொண்டு ஆட்டத்துக்கு முன் முடிவு செய்ய வேண்டும். ஆட்ட நாள் ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் அதை அறிவிக்க வேண்டும். அப்புறம் வானிலை பெரிதாக மாறினால், ஆட்டம் தொடங்கும்வரை முடிவை மாற்றலாம்.

காகிதத்தில் இது நல்ல விதி. வார்சாவில் அது எப்படி உடைந்தது என்று பாருங்கள். முடிவெடுக்கும் ஆணையர் வெளியூர்க்காரர். அந்தக் கூரையை மழையில் நகர்த்த முடியாது என்ற நிபந்தனை அவர் தினமும் பார்த்துப் பழகிய விஷயம் கிடையாது. கூரையின் பொத்தானை வைத்திருந்தது அரசின் தேசிய விளையாட்டு மையம். அரங்கத்தை நிர்வகித்தது அதுதான், ஆனால் ஆட்டம் அதனுடையது இல்லை. ஆட்டத்தை நடத்தியது போலந்து கால்பந்துச் சங்கம்; அது அரங்கத்தை வாடகைக்கு எடுத்த தரப்பு, பொத்தான் அதன் கையில் இல்லை. அணிகளோ திறந்த வானத்தின் கீழ் ஆடத்தான் விரும்பின என்று பேச்சு. ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டு இருந்தது. மழை தொடங்கும் நேரம், கூரையை மூட ஆகும் நேரம், அதற்கு முன் முடிவெடுக்க வேண்டிய நேரம், இந்த மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

மறுநாள் இதையே இரண்டு தரப்பும் வேறு வார்த்தையில் சொன்னது. சங்கம் ஃபிஃபா அதிகாரிகளையும் அணிகளின் விருப்பத்தையும் காட்டியது. அரங்க நிர்வாகம், மூடச் சொல்லி எங்களிடம் யாரும் கேட்கவில்லை என்றது. இரண்டுமே உண்மையாக இருக்கலாம். எனக்கு வருத்தம் தருவதே அதுதான்: எல்லோரும் தங்கள் வேலையைச் செய்ததாகவே கணக்கு, ரசிகர்கள் மட்டும் நனைந்தார்கள்.

கூரையை மழையில் நகர்த்த முடியாது என்றால், 'மூடலாமா' என்ற கேள்விக்கு ஒரு கெடு உண்டு. கெடு தாண்டிய பிறகு 'திறந்தே இருக்கட்டும்' என்று யாரும் சொல்லத் தேவையில்லை; பேசாமல் இருந்தாலே அந்த முடிவு எடுத்தாகிவிட்டது. முற்றத்தில் நெல் காயப் போட்டவர், வானம் கறுக்கும்போதே தார்ப்பாயைத் தேடி ஓடுவார். யாருடைய நெல் என்று தெரியாத முற்றத்தில் ஒருவரும் ஓட மாட்டார்கள்.

தரை ஏன் குடிக்கவில்லை

கூரையை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக முடியாது. உலகத்தில் பெரும்பாலான மைதானங்களுக்குக் கூரையே கிடையாது. அங்கேயும் மழை பெய்கிறது, ஆட்டமும் நடக்கிறது. புல்லுக்குக் கீழே மணல், அதற்குக் கீழே சரளைக்கல், அதற்கும் கீழே வடிகுழாய் என்று அடுக்கடுக்காகப் போட்டிருப்பார்கள். தண்ணீர் இறங்கிப் போய்விடும்.

வார்சா தேசிய அரங்கில் நிரந்தரப் புல்தரை கிடையாது. அரங்கம் எந்த ஒரு கிளப் அணிக்கும் சொந்தம் இல்லை. வருடத்தில் சில சர்வதேச ஆட்டங்கள், மற்ற நாட்களில் இசை நிகழ்ச்சி, கண்காட்சி. அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று மடோனா பாடினார், செப்டம்பர் 19 அன்று கோல்ட்பிளே வந்தது. ஆட்டம் வரும்போது, வேறெங்கோ வளர்த்த புல்லைப் பாய் போலச் சுருட்டி லாரியில் கொண்டுவந்து விரிப்பார்கள். முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். வேர் பிடிக்க அந்தப் புல்லுக்கு நாளே இருப்பதில்லை. புதுப் பாய்க்கும் அடித்தளத்துக்கும் நடுவே தண்ணீர் இறங்கும் வழி, வருடக்கணக்கில் பராமரித்த தரையில் இருப்பது போல இருக்காது.

கணக்கு போட்டுப் பார்ப்போம். மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம்; 7,140 சதுர மீட்டர். பத்து மில்லிமீட்டர் மழை என்றால் 71,400 லிட்டர். ஆறு தண்ணீர் லாரிகளை வரிசையாக நிறுத்தி ஒரேயடியாகத் திறந்துவிட்டது போல. அதை வாங்கிக்கொள்ள அடியில் வழி இல்லாவிட்டால், மேலேதான் நிற்கும்.

இந்தத் தரையை வைத்து நடத்தப் போகிறோம் என்று முடிவு செய்த அன்றே, 'அப்படியானால் மழைக்குக் கூரைதான் ஒரே காப்பு' என்று எழுதி வைத்திருக்க வேண்டும். கூரையும் தரையும் இரண்டு தனி விஷயங்களாக, இரண்டு தனி ஆட்களின் கவலையாக இருந்ததைத்தான் இந்த நிகழ்வின் வேர் என்று நான் நினைக்கிறேன்.

மறுநாள்

புதன்கிழமை மாலை ஆட்டம் நடந்தது. வெய்ன் ரூனி 31ஆவது நிமிடத்தில் இங்கிலாந்துக்கு ஒரு கோல் போட்டார். 70ஆவது நிமிடத்தில் கார்னரில் வந்த பந்தை கமில் கிளிக் தலையால் உள்ளே தள்ள, ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. ஆனால் வேலை நாளில் மாலை ஐந்து மணி. டிக்கெட் வாங்கியிருந்த பலரால் வர முடியவில்லை. இங்கிலாந்திலிருந்து வந்தவர்களில் விமானம் மாற்ற வழியில்லாதவர்கள் ஆட்டத்தைப் பார்க்காமலே திரும்பினார்கள்.

போலந்தில் அந்த அரங்கத்துக்கு ஒரே இரவில் புதுப் பெயர் வந்துவிட்டது: 'பாசென் நரோடோவி', தேசிய நீச்சல்குளம். படம் படமாகப் போட்டுச் சிரித்தார்கள். சிரிப்புக்குக் கீழே வலி இருந்தது. இடிபாடுகளின் மேல் எழுந்த அரங்கம் என்று பெருமைப்பட்டவர்களும் அவர்களேதான். விளையாட்டு அமைச்சர் யோவானா முகா தன் பதவியைப் பிரதமர் டொனால்ட் டஸ்க்கின் முடிவுக்கு விட்டார். டஸ்க் அவரை நீக்கவில்லை. அந்த மாதம் 26ஆம் தேதி நடந்த கால்பந்துச் சங்கத் தேர்தலில் முன்னாள் நட்சத்திரம் ஸ்பிக்னியெவ் போனியெக் தலைவரானார். அந்தத் தேர்தல் முன்கூட்டியே குறித்தது என்றாலும், மழை இரவின் எரிச்சல் காற்றில் இருந்தது.

அதே கூரைக்குக் கீழே

அரங்கத்தை அந்த ஒரு இரவோடு கட்டிப்போடுவது நியாயம் இல்லை. வார்சாவில் பல்லாயிரம் பேர் உட்காரும் உள்ளரங்கம் கிடையாது. ஆற்றின் மறுகரையில் உள்ள தோர்வார் பழைய பனிச்சறுக்குக் கூடம். சுமார் 5,000 பேர்தான் உட்காரலாம். அதனால் கூரை மூடிய தேசிய அரங்கமே நகரத்தின் பெரிய உள்ளரங்கமாகவும் ஆகிவிட்டது. 2014 ஆகஸ்ட் 30 அன்று உலக வாலிபால் போட்டியின் தொடக்க ஆட்டத்தை அங்கே நடத்தினார்கள். போலந்து செர்பியாவை மூன்று செட்டில் வென்றதை 60,000க்கு மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். வாலிபாலுக்கு அவ்வளவு கூட்டம்! 2013இல் ஐ.நா. காலநிலை மாநாடு, 2015இல் யூரோப்பா லீக் இறுதி ஆட்டம், 2016இல் நேட்டோ உச்சி மாநாடு, 2020இல் கொரோனா காலத் தற்காலிக மருத்துவமனை என்று எல்லாவற்றையும் தாங்கியது.

தடுமாற்றமும் முழுக்க நிற்கவில்லை. 2015 ஏப்ரல் 18 அன்று உள்ளே மண் கொட்டி மோட்டார் சைக்கிள் பந்தயம் நடத்தினார்கள். தற்காலிகப் பாதை மோசம், தொடக்கக் கதவும் பழுது. பன்னிரண்டு சுற்றோடு நிறுத்த வேண்டி வந்தது. தற்காலிகத் தரை என்பது இந்த அரங்கத்தின் நிரந்தரப் பலவீனம்.

2022 நவம்பரில் வந்த சோதனைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வழக்கமான ஆய்வில், ஊசியைத் தாங்கும் எஃகுப் பகுதி ஒன்றில் பழுது தெரிந்தது. இந்த முறை யார் சொல்வது என்று ஒருவரும் காத்திருக்கவில்லை. அரங்கத்தை உடனே மூடினார்கள். சிலியுடன் நவம்பர் 16 அன்று இருந்த ஆட்டம், உலகக் கோப்பைக்குக் கிளம்பும் முன் போலந்து அணி சொந்த மண்ணில் ஆடும் கடைசி ஆட்டம். அதை ஆற்றின் இடது கரையில் உள்ள லெகியா அணியின் சிறிய மைதானத்துக்கு மாற்றினார்கள். டிக்கெட் வாங்கியவர்களுக்கு ஏமாற்றம்தான், ஆனால் அதை வீட்டிலிருந்தபடியே, சில நாள் முன்பே தெரிந்துகொண்டார்கள். பழுது பார்த்த பிறகு, 2023 மார்ச் 27 அன்று அல்பேனியாவுடன் நடந்த ஆட்டத்துக்கு ரசிகர்கள் மறுபடியும் அந்த ஊசிக்குக் கீழே வந்து உட்கார்ந்தார்கள்.